நைல் வாய்க்காலும் ஒரு சிறு புழுவும்

எகிப்து என்றதும் நம் உள்ளத்தில் முதலில் எழுபவை நபி மூஸா (அலை) அவர்களின் வரலாறும், ஃபிர்அவ்னின் அழிவும், நைல் நதியும், அல்அஸ்ஹரும்தாம். அந்நாட்டின் அரசர்களையும் அறிஞர்களையும் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அந்நதியின் வாய்க்கால்களில் முழங்கால் அளவு நீரில் நின்று உழைத்த ஃபல்லாஹ் என்னும் உழவனைப் பற்றிப் படித்தது குறைவு. அவனது வரலாற்றை எழுத முற்படுவோர் ஒரு புழுவைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். அது ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமே உடையது. மனிதனின் இரத்தக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் வாழ்வது. பில்ஹார்சியா என்னும் நோயை உண்டாக்கும் தட்டைப்புழு அது.

அப்புழு எவ்வாறு வாழ்கிறது, மனித உடலுக்குள் அது நுழையும் வழியை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தனர், அதை ஒழிக்கப் புறப்பட்ட இடத்தில் நேர்ந்த பெருந்தவறு யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். நாளொன்றுக்கு ஐந்து வேளை நீரை நாடிச் செல்லும் நமக்கு இவ்வரலாற்றில் சிந்திக்க வேண்டியவை பல உள்ளன.

மம்மிகள் சொன்ன சாட்சி

இந்நோய் எகிப்துக்குப் புதியதன்று. 1910ஆம் ஆண்டில் மார்க் அர்மாண்ட் ரஃபர் என்னும் ஆய்வாளர், இருபதாம் வம்சத்தைச் சேர்ந்த இரண்டு மம்மிகளின் சிறுநீரகங்களை ஊறவைத்து மென்மையாக்கி, மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் நோக்கினார். அவற்றில் சுண்ணாம்பேறிக் கிடந்த பில்ஹார்சியாப் புழுவின் முட்டைகளைக் கண்டார். ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் உடலில், அன்றைய எகிப்திய உழவனின் உடலில் இருந்த அதே முட்டைகள் இருந்தன.

நெப்போலியனின் படை 1798இல் எகிப்தில் இறங்கியபோது, வீரர்கள் பலருக்குச் சிறுநீரில் இரத்தம் போயிற்று. காரணம் எவருக்கும் விளங்கவில்லை. எகிப்தியச் சிற்றூர்களிலோ அது வியப்புக்குரிய செய்தியே அன்று. வளரும் சிறுவர்களின் சிறுநீர் சிவப்பது பருவம் எய்துவதன் அடையாளம் என்றே பலர் எண்ணினர். ஒரு நோய் எல்லோருக்கும் வந்துவிட்டால், அது நோய் என்ற எண்ணமே மறைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒரு சமூகத்துக்கு வேறில்லை.

1851: கஸ்ருல் அய்னியில் ஒரு கண்டுபிடிப்பு

முஹம்மது அலீ பாஷாவின் ஆட்சியில் 1827இல் அபூ ஸஃபலில் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரி, 1837இல் கெய்ரோவின் கஸ்ருல் அய்னிக்கு மாற்றப்பட்டது. அங்கே 1850இல் தம் ஆசிரியர் வில்ஹெல்ம் கிரீசிங்கருடன் வந்து சேர்ந்தார் தியோடர் பில்ஹார்ஸ் என்னும் இளம் ஜெர்மானிய மருத்துவர். மறு ஆண்டு, இறந்த ஒருவரின் உடலைக் கூறாய்வு செய்துகொண்டிருந்தபோது, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெரிய சிரைக்குள் வெண்ணிறப் புழுக்களைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 26.

அவர் கண்டவற்றுள் மிக வியப்பானது ஒன்று உண்டு. தட்டைப்புழுக்களில் பெரும்பாலானவை ஓருடலிலேயே ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் கொண்டவை. இப்புழுவிலோ ஆண் வேறு, பெண் வேறு. ஆண் புழுவின் உடல் இருபுறமும் மடிந்து ஒரு நீண்ட வாய்க்கால்போல் அமைந்திருக்கிறது. அம்மடிப்புக்குள் மெல்லிய பெண் புழு தங்கி வாழ்கிறது.

தாம் கண்டதைத் தம் முன்னாள் ஆசிரியர் ஃபான் சீபோல்டுக்குக் கடிதங்களாக எழுதினார் பில்ஹார்ஸ். சிறுநீரில் இரத்தம் போவதற்கும் இப்புழுவின் முட்டைகளுக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. ஆயினும் அப்புழு உடலுக்குள் வந்த வழியை அவர் அறியாமலே 1862இல், 37ஆம் வயதில், கெய்ரோவில் காய்ச்சலால் இறந்தார். அவருடைய பெயரே நோயின் பெயராயிற்று.

நத்தை என்னும் இடைத்தங்கல்

அவ்வழியை அறிய இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் பெரும் அறிஞர். கொக்கிப்புழுவின் இளம் புழுக்கள் தோலைத் துளைத்துக்கொண்டே உடலுக்குள் செல்கின்றன என்பதை, அவை தற்செயலாகத் தம் கையில் சிந்தியபோது கண்டறிந்தவர் அவர். ஆகவே பில்ஹார்சியாவும் அவ்வாறே முட்டையிலிருந்து வெளிவந்ததும் நேராக மனிதனுக்குள் செல்லும் என்று உறுதியாக நம்பினார். ஒரு புழுவில் கண்ட உண்மையை மற்றொரு புழுவுக்கும் பொருத்தியதில் அவர் தவறினார்.

விடை கிழக்கிலிருந்து வந்தது. ஜப்பானின் நெல் வயல்களிலும் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு புழு உழவர்களை வாட்டிவந்தது. அங்கே 1913இல் மியாயிரியும் சுசூக்கியும், அப்புழு ஒரு சிறு நத்தைக்குள் வளர்ந்த பின்னரே மனிதனை அடைகிறது என நிறுவினர். முதல் உலகப் போரின்போது எகிப்தில் இருந்த தன் படைகளின் நலம் கருதி, 1915இல் பிரிட்டன் ராபர்ட் லைப்பர் என்னும் ஆய்வாளரை அங்கு அனுப்பியது. அவர் கெய்ரோவை அடுத்த அல்மர்ஜ் சிற்றூரின் வாய்க்கால்களில் நத்தைகளைத் திரட்டி ஆராய்ந்தார். சிறுநீர்ப்பையைத் தாக்கும் புழு ஒருவகை நத்தையிலும், குடலையும் கல்லீரலையும் தாக்கும் புழு வேறுவகை நத்தையிலும் வளர்வதைக் கண்டார். எகிப்தில் இருப்பது ஒரு புழு அன்று, இரண்டு என்பதும் உறுதியாயிற்று.

அன்று வெளிப்பட்ட அந்தச் சுழற்சியைச் சற்று விரிவாகக் காண்போம்.

நோயுற்றவரின் சிறுநீருடனோ மலத்துடனோ முட்டைகள் வெளியேறுகின்றன. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு சிறு முள் உண்டு. சிறுநீர்ப்பைப் புழுவின் முட்டைக்கு அம்முள் நுனியில் இருக்கும். குடற்புழுவின் முட்டைக்குப் பக்கவாட்டில் இருக்கும். முட்டை நன்னீரில் விழுந்தால் பொரிந்து, மிராசிடியம் என்னும் நுண்ணுயிர் வெளிவந்து நீந்தும். தனக்குரிய நத்தையைச் சில மணி நேரத்துக்குள் அது அடைந்தாக வேண்டும், இல்லையேல் இறந்துவிடும்.

நத்தையை அடைந்த ஒரே மிராசிடியம் அதற்குள் பல்கிப் பெருகுகிறது. சில வாரங்களில் செர்க்காரியா எனப்படும், பிளவுபட்ட வால் கொண்ட இளம் புழுக்கள் ஆயிரக்கணக்கில் வெளிவருகின்றன. பகல் வெளிச்சத்தில், அதாவது மனிதர்கள் நீரில் இறங்கும் அதே வேளையில், அவை நீரில் நீந்தத் தொடங்குகின்றன. மனிதத் தோலைத் தொட்டதும் வாலை உதறிவிட்டுத் தோலைத் துளைத்து உள்ளே செல்கின்றன. ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் ஒரு மனிதனையும் சந்திக்காவிடில் அவை மடிந்துபோகும்.

உள்ளே சென்ற இளம் புழு இரத்தத்தோடு நுரையீரலைக் கடந்து கல்லீரலை அடைந்து முதிர்கிறது. ஆணும் பெண்ணும் அங்கே இணைகின்றன. பின்னர் இரண்டும் சேர்ந்து குடலைச் சுற்றியுள்ள சிரைகளுக்கோ சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள சிரைகளுக்கோ செல்கின்றன. நம் உடலின் பொருள்களையே தன் மேல் பூசிக்கொள்வதால், நோயெதிர்ப்பு ஆற்றலின் கண்ணுக்கு அப்புழு அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி நாள்தோறும் முட்டையிடுகிறது.

உண்மையில் நோயை உண்டாக்குவது புழுவைவிட அதன் முட்டையே. இடப்படும் முட்டைகளில் பாதியளவே வெளியேறுகின்றன. எஞ்சியவை உடலின் திசுக்களில் சிக்கிக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி உடல் நடத்தும் போரில் தழும்புகள் எழுகின்றன. சிறுநீர்ப்பை தடித்து, சிலருக்கு அங்கே புற்றுநோயும் தோன்றுகிறது. மற்றொரு வகையில் கல்லீரலின் இரத்தவழிகள் அடைபட்டு, வயிறு வீங்கி, உணவுக்குழாயின் சிரைகள் உடைந்து இரத்த வாந்தி ஏற்படுகிறது. அரபுலகம் முழுவதும் அறிந்த பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிழ், சிறுவயதில் ஊர் வாய்க்காலில் தொற்றிய இந்நோயோடு வாழ்நாள் முழுவதும் போராடி, 1977 மார்ச் 30 அன்று லண்டனில் 47ஆம் வயதில் இறந்தார்.

இச்சுழற்சியில் நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. முதிர்ந்த புழு மனித உடலுக்குள் தன் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வதில்லை. உடலில் இருக்கும் ஒவ்வொரு புழுவும் வெளியிலிருந்து, தோலைத் துளைத்துக்கொண்டு வந்ததே. ஆகவே ஒருவருடைய நோய் கடுமையாக இருந்தால், அவர் அந்நீரில் மீண்டும் மீண்டும் நின்றிருக்கிறார் என்பது பொருள். அவர் ஏன் நின்றார் என்பதே வரலாறு கேட்க வேண்டிய கேள்வி.

பருத்திக்காக வெட்டப்பட்ட வாய்க்கால்கள்

பண்டைய எகிப்தின் வேளாண்மை நைலின் ஆண்டு வெள்ளத்தை நம்பியது. கோடையின் இறுதியில் வெள்ளம் வரும். கரை கட்டிய பெரும் பாத்திகளில் நீர் சில வாரங்கள் நிற்கும். வடிந்ததும் கோதுமையும் பார்லியும் அவரையினங்களும் விதைப்பர். அறுவடைக்குப் பின் நிலம் காய்ந்து வெடிக்கும். அவ்வெடிப்பில் நத்தைகள் பெருமளவில் மடியும். நோய் இருந்தது, ஆனால் ஆண்டுதோறும் அதற்கு ஒரு தடையும் இருந்தது.

பருத்தி அத்தடையை நீக்கியது. பருத்தி கோடைப் பயிர். வெள்ளம் இல்லாத காலத்தில் அதற்கு நீர் வேண்டும். 1820களிலிருந்து முஹம்மது அலீ பாஷா ஆழமான கோடைக்கால வாய்க்கால்களை வெட்டச் செய்தார். வெட்டியவர்கள் கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்ட உழவர்களே. பின்னர் நைலின் கழிமுகத் தலைப்பில் அணை எழுந்தது. பிரிட்டிஷ் ஆதிக்கக் காலத்தில், 1902இல் அஸ்வான் அணை கட்டி முடிக்கப்பட்டது. எகிப்தின் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்குச் சென்றது. வாய்க்காலில் ஆண்டு முழுவதும் மெல்ல நகரும் நீர் நின்றது. கரையில் களை மண்டியது. களையில் நத்தை பெருகியது.

விளைவை அளந்து காட்டியவர் எகிப்திய அறிஞர் முஹம்மது கலீல். அஸ்வான் மாகாணத்தில் பாத்திப் பாசனத்திலிருந்து வாய்க்கால் பாசனத்துக்கு மாறிய நான்கு ஊர்களை அவரும் உடனாய்வாளரும் ஆராய்ந்தனர். 1934இல் அவ்வூர்களில் சிறுநீர்ப்பைப் பில்ஹார்சியா உடையோர் நூற்றுக்கு 2 முதல் 11 பேர். 1937இல் நூற்றுக்கு 44 முதல் 75 பேர். இடையில் கழிந்தவை மூன்றே ஆண்டுகள். அம்மக்களின் பழக்கங்கள் அம்மூன்றாண்டுகளில் மாறிவிடவில்லை. அவர்களுக்கு அளிக்கப்பட்ட நீரே மாறியது.

பழியும் பொறுப்பும்

இந்நோயைப் பற்றிப் பேசும்போது உழவனின் அறியாமையையும், வாய்க்காலில் ஒளுச் செய்யும் வழக்கத்தையும் காரணமாகச் சொல்வோர் உண்டு. நாம் இதை உணர்ச்சிவசப்படாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். நத்தை வாழும் வாய்க்காலில் கை கால் கழுவினால் செர்க்காரியா தோலைத் தொடும் என்பது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒளுவுக்குச் சில நிமிடங்களே ஆகும். நாற்று நடவும் வாய்க்கால் தூர்வாரவும் உழவன் மணிக்கணக்கில் நீரில் நின்றான். பெண்கள் அதே நீரில் துணியும் பாத்திரமும் துலக்கினர். சிறுவர்கள் வெயிலுக்கு அதிலேயே குதித்து நீந்தினர். வீட்டில் குழாய் இல்லாதவன் வேறெங்கே போவான்?

நம்மில் சிலர் மறுபுறத்திலிருந்து ஒரு வாதம் வைப்பதுண்டு. தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்கக் கூடாது என்றும், நீர்த்துறைகளிலும் மக்கள் நடக்கும் வழியிலும் நிழல்களிலும் மலம் கழிக்கக் கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அதைப் பேணியிருந்தால் இந்நோயே பரவியிருக்காது என்பர். அதில் உண்மை உண்டு. முட்டை நீரை அடையாவிடில் சுழற்சி அங்கேயே அறுந்துவிடும். ஆயினும் அந்த ஹதீஸை மருத்துவ முன்னறிவிப்பு என்று பெருமை பேசிக் கடந்து செல்வது நமக்கு அழகன்று. அத்தடை அடுத்து வரும் மனிதனின் உரிமையைக் காக்கிறது: நீ பயன்படுத்திய நீரை உன் சகோதரன் பயன்படுத்துவான் என்று அது நினைவூட்டுகிறது. கழிவறை இல்லாத ஊரில் அதை முழுமையாகப் பேணுவது எளிதன்று. அப்படியானால் கழிவறையும் தூய நீரும் அமைத்துக் கொடுப்பது யாருடைய கடமை? வாய்க்காலை வெட்டியவருக்கும் வரியை வாங்கியவருக்கும் அந்தப் பொறுப்பு இல்லையா?

எகிப்தில் தண்ணீர்க் குழாய்க்கு ‘ஹனஃபிய்யா’ என்று பெயர். குழாய் புதிதாக வந்தபோது அதில் ஒளுச் செய்யலாம் என ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் ஏற்றதால் அப்பெயர் வந்தது என்று கூறுவர். பெயர் வந்த வழி எதுவாயினும், அச்சொல் ஒன்றைக் காட்டுகிறது. தூய நீர் கைக்கு எட்டியபோது மக்கள் அதை மார்க்கத்தோடு இணைத்தே வரவேற்றனர்.

நல்ல நோக்கமும் தூய்மையற்ற ஊசியும்

1918இல் கார்ட்டூமில் பணியாற்றிய கிறிஸ்டோபர்சன் என்னும் மருத்துவர், ஆண்டிமனி கலந்த மருந்தைச் சிரையில் ஊசியாகச் செலுத்தி இப்புழுவைக் கொல்லலாம் எனக் காட்டினார். 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை எகிப்திய அரசு இம்மருந்தைச் சிற்றூர்தோறும் இலட்சக்கணக்கானோருக்கு அளித்தது. ஒருவருக்கு வாரக்கணக்கில் பன்னிரண்டு முதல் பதினாறு ஊசிகள் வரை போட வேண்டும். வரிசையில் நின்ற பலருக்கு ஒரே கண்ணாடி ஊசிக்குழல்கள் மீண்டும் மீண்டும் பயன்பட்டன. அவற்றைக் கொதிக்கவைத்துத் தூய்மைப்படுத்தும் முறை பல இடங்களில் போதுமானதாக இல்லை.

அந்த ஊசிகளின் வழியே, அப்போது பெயரே அறியப்படாத ஒரு வைரஸ் ஒருவர் உடலிலிருந்து மற்றவர் உடலுக்குச் சென்றுகொண்டிருந்தது. 1989இல்தான் அது கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி எனக் கண்டறியப்பட்டது. பில்ஹார்சியா ஊசி இயக்கத்துக்கும் இத்தொற்றுக்கும் உள்ள தொடர்பை 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. 2008இல் நடந்த கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையிலான எகிப்தியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் இரத்தத்தில் அத்தொற்றின் அடையாளம் காணப்பட்டது. உலகில் எந்நாட்டிலும் அவ்வளவு உயர்ந்த அளவு இல்லை.

அந்த மருத்துவர்கள் தீயவர்கள் அல்லர். உழவனின் துயர் தீர்க்க ஊர் ஊராகச் சென்றவர்கள். நம் செயல்களுக்கு நிய்யத்தே அடிப்படை என்று நாம் நம்புகிறோம். ஆனால் தூய நிய்யத்து ஊசியைத் தூய்மையாக்கிவிடாது. நிய்யத்தைச் சரிசெய்த பின்னும் செயலைச் செவ்வனே செய்யும் கடமை எஞ்சியிருக்கிறது. தொழுகைக்கு நிய்யத்து வைத்தவரும் ஒளுவை முறையாகச் செய்தே ஆக வேண்டும் என்பதை நாம் அறிவோம் அல்லவா?

1980களில் பிராசிகுவாண்டல் என்னும் மாத்திரை எகிப்துக்கு வந்தது. ஊசிக்கு வேலை இல்லாமற் போயிற்று. பள்ளிகளிலும் சுகாதார நிலையங்களிலும் மாத்திரை வழங்கப்பட்டது. நத்தை ஒழிப்பும், வீடுகளுக்குக் குழாய் நீர் வந்ததும் துணைநின்றன. பல்லாயிரம் ஆண்டுகள் எகிப்தோடு வாழ்ந்த நோய், நம் காலத்திலேயே மிக அரிதாகிவிட்டது.

ஊசி விதைத்த இரண்டாம் நோயையும் அந்நாடு எதிர்கொண்டது. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரையிலான ஏழு மாதங்களில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைப் பரிசோதித்து, தொற்று உள்ளவர்களுக்கு இலவசமாகப் புதிய மருந்துகளை அளித்தது. ஹெப்படைட்டிஸ் சி ஒழிப்பில் தங்கத் தகுதிநிலையை எட்டிய முதல் நாடு எகிப்து என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தவற்றை மூடி மறைக்காமல் கணக்கெடுத்து ஈடுசெய்த அச்செயல் பாராட்டுக்குரியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

இந்தியாவில் இந்நோய் பரவலாக இல்லை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்திலுள்ள கிம்வி என்னும் சிற்றூரில் மட்டும் 1950களில் ஒரு தொற்றுக் களம் பதிவாகியுள்ளது. ஆனால் ஆப்பிரிக்காவில், குறிப்பாக ஸஹாராவுக்குத் தெற்கே, இன்றும் கோடிக்கணக்கானோருக்கு இந்நோய்க்கான மாத்திரை தேவைப்படுகிறது. கல்விக்காகவும் பணிக்காகவும் அந்நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அங்குள்ள ஏரி, வாய்க்கால்களில் இறங்காதிருப்பதே நலம். இறங்கியிருந்தால், ஊர் திரும்பிய பின் காய்ச்சலோ சிறுநீரில் இரத்தமோ காணும்போது அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நம்மூர் மருத்துவருக்கு அந்த எண்ணம் எழும்.

புழு நம் ஊரில் இல்லாவிடினும் நீர் நம் ஊரிலும் உண்டு. பள்ளிவாசலின் ஹவ்ளில் நாம் கை வைக்கும்போது, நமக்கு முன்னும் பின்னும் பலர் கை வைக்கும் நீர் அது என்பதை உணர்கிறோம். அந்த உணர்வு ஹவ்ளோடு நின்றுவிடக் கூடாது. ஊர்க் குளத்துக்கும், ஆற்றுக்கும், சாக்கடை கலக்கும் வாய்க்காலுக்கும் அது நீள வேண்டும். ஓர் ஏழைக்கு நோய் வந்தால் அவன் சுத்தமாக இல்லை என்று சொல்வதற்கு முன், அவனுக்குச் சுத்தமான நீர் கிடைத்ததா என்று கேட்போம். இல்லையெனில், அதைக் கிடைக்கச் செய்வதில் நம் பங்கு என்ன என்பதையும் கேட்போம்.

தூய நீரையும், அதைப் பிறர்க்கும் தூய்மையாக விட்டுவைக்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.